இரண்டாம் நம்பர் நட்சத்திரம்

1911 டிசம்பர் 18, திங்கள்

மழை விட்டு இரண்டாம் நாள். ஆற்றில் இன்னும் செந்தண்ணீர். விடியற்காலை தூத்துக்குடியிலிருந்து கூட்ஸ் வண்டியோடு வந்து சேர்ந்தேன். படுத்து எழுந்தபோது மூன்று மணி. பூட்ஸுக்கு அடி தைக்கக் கொடுக்கவேண்டும். கைவிளக்குக்குத் திரி.

ஸ்டேஷன் ஆபீஸ் பலகையில் தாக்கீது ஒட்டியிருக்கிறது. என்னைப் போன்ற ரயில் கார்டுகள், டிரைவர்கள் எல்லோருக்கும் பிப்ரவரி முடிவதற்குள் மதுரையில் கண் பரிசோதனை. நாற்பது தாண்டியவர்கள் முதலில். எனக்கு நாற்பத்திரண்டு.

போன தடவை தேறாத மாசிலாமணி இப்போது பார்சல் கொட்டகையில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார். கொடி பிடித்த கை. என்னைக் கண்டதும், "பயப்படாதேயும் வே. தூரத்துல அட்டைய வச்சுப் புள்ளிய எண்ணச் சொல்லுவான், அம்புட்டுதான்" என்றார். அந்தப் புள்ளிதான் அவருக்கு மங்கிப் போனது.

டிசம்பர் 20, புதன்

ஓய்வு நாள். பூட்ஸ் கொடுத்தாயிற்று.

கண்ணை நானே சோதித்துக்கொள்ள ஒரு வழி செய்தேன். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் கிணற்றடியில் நின்றால் வடக்கு வானம் முழுக்கத் தெரியும். கார்த்திகைக் கூட்டத்துக்கு வடக்கே ஐந்து நட்சத்திரங்களைத் தேர்ந்து, வெளிச்சப்படி நம்பர் கொடுத்தேன். ஒன்று நல்ல பிரகாசம். இரண்டு அதற்குச் சற்றுக் குறைவு. மூன்றும் நான்கும் இன்னும் குறைவு. ஐந்து, உற்றுப் பார்த்தால்தான். ஐந்து தெரிகிறவரை வேலை நிலைக்கும் என்று கணக்கு. இன்று ஐந்தும் தெரிந்தன.

மனைவி எஸ்தர் அடுப்படியிலிருந்து, "அங்கன நின்னு கிணத்தப் பாக்கியளா, வானத்தப் பாக்கியளா?" என்றாள்.

"மழ வருமான்னு பாக்கேன்" என்றேன். அவளிடம் பரிசோதனையைப் பற்றிச் சொல்லவில்லை. கிறிஸ்மஸ் கழியட்டும்.

டிசம்பர் 24, ஞாயிறு

நேற்று ராத்திரி நடந்ததை எழுதவேண்டும்.

மணியாச்சியில் மெயிலுக்கு வழிவிட்டு நின்றோம். ஜூன் மாதம் ரயிலில் கலெக்டரைச் சுட்டுக் கொன்றதற்குப் பிறகு அங்கே போலீஸ் காவல் ஓயவில்லை. ஒரு கான்ஸ்டேபிள் வண்டிக் கடைசியில் என் பிரேக் வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பத்தரை மணி. சும்மா நிற்கையில் வடக்கே பார்த்தேன். ஒன்று இருக்கிறது. மூன்று, நான்கு இருக்கின்றன. ஐந்துகூட இருக்கிறது. இரண்டாம் நம்பர் மங்கிக் கிடக்கிறது. நான்காம் நம்பரை விடவும் மங்கல்.

ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். மற்றதை மூடிப் பார்த்தேன். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அப்படியேதான்.

இஞ்சின் பக்கம் நடந்து போய் டிரைவர் இருதயம் அண்ணாச்சியைக் கேட்டேன். மணப்பாட்டுக்காரர், என்னோடு ஆறு வருஷமாக ஓடுகிறவர்.

"அண்ணாச்சி, அந்தா அந்த நட்சத்திரம் மங்கலா இருக்கா?"

"நாள் பூரா நெருப்புக்குழியப் பாக்குத கண்ணுவே இது. சிக்னல் தெரிஞ்சாப் போதும். நட்சத்திரத்துக்கு நம்ம கம்பெனி சம்பளம் தருதா?"

சிரித்தேன். ஆனால் வண்டி புறப்படும்போது பச்சை விளக்கு கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்ததுபோல ஒரு எண்ணம். இரண்டு தடவை பார்த்த பிறகே என் விளக்கை ஆட்டினேன்.

இன்று இரவு இரண்டாம் நம்பர் பழையபடி பிரகாசம்.

டிசம்பர் 25, திங்கள்

பண்டிகை. ஆராதனை, கேக், வாழை இலையில் சாப்பாடு. கோயில் வாசலில் எங்கள் பாதிரியாரின் மனைவி, ஐயர் அம்மா, என்னிடம் குறைபட்டுக்கொண்டார்கள்: "ஒம்ம வீட்டம்மா ரோட்டுல எதிர்க்க வந்தாலும் ஒரு தோத்திரம் சொல்ல மாட்டேங்குதா. கார்டு பொஞ்சாதின்னா அம்புட்டுப் பெருமையா?" எஸ்தருக்குப் பெருமை கிடையாது. இருந்தாலும் இதை மூன்றாவது ஆள் சொல்லிக் கேட்கிறேன்.

அவள் எனக்குத் தைத்த புதுச் சட்டை. கழுத்துத் தையல் எறும்பு வரிசை போல.

டிசம்பர் 26, செவ்வாய்

மறுபடியும். இந்தத் தடவை இருட்டத் தொடங்கியதுமே. ஏழு மணிக்குப் பார்க்கிறேன், இரண்டாம் நம்பர் செத்த வெளிச்சம். மற்றவை சுத்தம். கிணற்றடியை விட்டு நகரவில்லை. எட்டரைக்கு மேல் பைய வெளிச்சம் கூடியது. பத்தரைக்குப் பழைய நிலை.

நட்சத்திரம் மங்கும் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படியானால் கண்ணில்தான் ஏதோ திரை விழுகிறது, விலகுகிறது. எப்போது விழும் என்று தெரியாது. மாசிலாமணிக்காவது எந்நேரமும் ஒரே மங்கல்.

எஸ்தர் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "ஒடம்புக்கு ஏதும் செய்யுதா?" "இல்ல." "பொறவு ஏன் கண்ண கண்ணத் தேய்க்கிய?"

டிசம்பர் 27, புதன்

இரவு ஓட்டம், விருதுபட்டிவரை. ஒவ்வொரு கைகாட்டி விளக்கையும் மூன்று முறை பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தன. ஆனால் அந்தத் திரை பச்சை விளக்கின் மேலோ சிவப்பு விளக்கின் மேலோ விழுந்தால்? நாளை பாசஞ்சர் வண்டிக்குப் போட்டிருக்கிறார்கள். தாய்மார், பிள்ளைகள், அறுப்புக்குப் போகிற சீவலப்பேரிக் கூலியாட்கள் வருவார்கள்.

டிசம்பர் 28, வியாழன்

மனு எழுதிக் கொடுத்துவிட்டேன். 'என் பார்வையில் சந்தேகம் இருப்பதால் பரிசோதனை ஆகும்வரை இரவு வண்டிகளிலிருந்து விலக்கவேண்டியது.'

ஸ்டேஷன் மாஸ்டர் பிள்ளை இரண்டு தடவை படித்தார். "என்னவே இது? நீரே எழுதிக் குடுத்தா பொறவு என் கையில ஒண்ணும் கெடையாது. மேல போயிரும். கிழிச்சுப் போட்டுரட்டுமா?"

"அனுப்பிருங்க" என்றேன்.

பாசஞ்சருக்கு வேறு கார்டு. எனக்குப் பகலில் கூட்ஸ் கொட்டகை. இருதயம் அண்ணாச்சி வழியில் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார். "ஒருத்தரும் கேக்காம எதுக்குவே எழுதிக் குடுத்தீரு? பைத்தியமா ஒமக்கு?" பிறகு, தன் டப்பாவிலிருந்து பொரித்த மீன் ஒன்றை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

1912 ஜனவரி 4, வியாழன்

ஒரு வாரமாக எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது. பஞ்சுப் பொதி, கருப்பட்டிச் சிப்பம், மறுபடி பஞ்சுப் பொதி. இரவில் மழை மேகம், பிறகு நிலா. நட்சத்திரம் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

மாசிலாமணி மனைவி மூலம் எஸ்தருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தையலைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் பேசினாள்.

"எங்கிட்ட சொல்லணும்னு தோணல, என்ன?"

"பண்டிகை போட்டும்னு..."

"பண்டிகை போயி பத்து நாளாச்சு." ஊசி நாலு தடவை ஏறி இறங்கியது. "கண்ணு போனாப் போட்டும். நான் தைச்சுச் சோறு போடுவேன். ஆனா ஊரு சொல்லி நான் கேக்கக் கூடாது."

அவள் தம்பி செல்லையாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். பாளையங்கோட்டையில் ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார். மதுரை டாக்டர்களைத் தெரியுமாம்.

ஜனவரி 7, ஞாயிறு

செல்லையா வந்தான். விடுமுறைக்குத் திசையன்விளை போய்வந்தவன், மாமியார் கொடுத்த பனங்கிழங்குக் கட்டோடு. சாயங்காலம் பஞ்சாங்கத்தின் மேலட்டையைப் பத்தடி தள்ளிப் பிடித்து வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். இன்னும் தள்ளிப் பிடித்தான். அதையும் வாசித்தேன்.

"அத்தான், என் கண்ண விட ஒங்க கண்ணு நல்லாருக்கு. என்னதான் தெரியல?"

நட்சத்திரத்தைப் பற்றிச் சொன்னேன். கிழங்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டான்.

"ரெண்டு தடவையும் அதே ஒண்ணுதானா? மத்ததெல்லாம் சரியா இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"வாங்க, காட்டுங்க."

கிணற்றடிக்குக் கூட்டிப் போய்க் காட்டினேன். இன்று அது பிரகாசம். சற்று நேரம் பார்த்துவிட்டுத் தொடையில் ஓங்கி ஒரு தட்டு. "அத்தான், ஒங்களுக்கு ஒண்ணுமில்ல. அந்த நட்சத்திரத்துக்கே அதுதான் குணம்! வானத்துல இத்தன கெடக்க, சோதிச்சுப் பாக்க இதையா எடுத்தீங்க?"

அடுப்படி விளக்கைத் தரையில் வைத்துப் பித்தளைச் செம்பை அதைச் சுற்றி நகர்த்தி விளக்கினான். அங்கே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பிரகாசம், மற்றது கிட்டத்தட்ட இருட்டு. ஒன்றையொன்று சுற்றுகின்றன. இருட்டானது நமக்கும் பிரகாசத்துக்கும் நடுவே வரும்போது, கிரகணம் மாதிரி வெளிச்சத்தின் பெரும் பகுதியை மறைத்துவிடுகிறது. மூன்று நாளுக்கு மூன்று மணி குறைவாக ஒருமுறை. பகலில் நடப்பது நமக்குத் தெரியாது. அரபிக்காரர்கள் அதற்குப் பேய்த்தலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"கிறிஸ்மஸ் நேரத்துல பேய்த்தலையப் பாத்துக்கிட்டா நின்னிய?" என்றாள் எஸ்தர். பிறகு தம்பியிடம், "அந்த இருட்டு நட்சத்திரத்த யாரு பாத்தா?"

"ஒருத்தரும் பாக்கல அக்கா."

"பொறவு இருக்குன்னு எப்படிச் சொல்லுதாவ?"

"மறைக்குதுல்லா. அதோட, வெளிச்சமா இருக்கது ஒரு நேரம் நம்மகிட்ட வருது, ஒரு நேரம் விலகிப் போகுது. அதோட ஒளியப் பிரிச்சுப் பாத்தா அது தெரியும். பக்கத்துல இன்னொண்ணு இழுக்காம ஒரு நட்சத்திரம் அப்பிடி ஆடாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "முழு இருட்டும் இல்லன்னு இப்பச் சொல்லுதாங்க. அதுக்கும் சொந்தமா வெளிச்சம் உண்டு. பெருசு பக்கத்துல நிக்கதால நமக்குத் தெரியல."

"நீ பாத்திருக்கியா மாப்ளே, இது மங்குறத?" என்று கேட்டேன்.

"படிச்சதுதான். ரெண்டு தடவ பாத்த ஆளு நீங்கதான்."

இருபத்தாறாம் தேதி மாலையிலிருந்து கணக்குப் போட்டான். பதினைந்தாம் தேதி, திங்கள், இரவு ஒன்பது மணி வாக்கில் மறுபடி மங்கவேண்டும்.

நிம்மதிதான். ஆனால் சிரிப்பு வரவில்லை. மனு போய்விட்டதே.

ஜனவரி 8, திங்கள்

ஸ்டேஷன் மாஸ்டர் பிள்ளையிடம் மனுவைத் திரும்பக் கேட்டேன். காரணமும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மனு திருச்சினாப்பள்ளி போயிட்டு வே. கார்டுக்குக் கண்ணு நல்லாருக்கு, நட்சத்திரத்துக்குத்தான் கோளாறுன்னு நான் மேல எழுதட்டுமா?"

மாலைக்குள் ஸ்டேஷன் முழுக்கப் பரவிவிட்டது. போர்ட்டர் ஒருவன், "கார்டு ஐயா, இன்னைக்கு நட்சத்திரம் லைன் கிளியரா?" என்றான். மாசிலாமணி மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல் முடிந்து மாடுகளுக்கு வர்ணம் பூசிய நாள். மேகம் இல்லை. நிலா விடியும் முன்தான் வரும். செல்லையா ஆறு மணிக்கே வந்துவிட்டான். மூன்று பேரும் கிணற்றடிக்குப் போனோம்.

ஏழு மணிக்கே குறையத் தொடங்கியிருந்தது. எட்டுக்கு மூன்றாம் நம்பரோடு சமம். எட்டரைக்கு நான்கோடு. ஒன்பதுக்கு அதற்கும் கீழே. செல்லையா வகுப்பில் பத்து வருஷம் சொல்லிக் கொடுத்ததை முதல் தடவை கண்ணால் பார்க்கிறான். "போகுது அத்தான், போகுது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் கண்ணும் ஒரே நேரத்தில் கெட்டுப் போகாது.

"பாத்தியா அக்கா?"

"பாத்தேன்" என்றாள் எஸ்தர்.

"எது சொல்லு?"

கையை நீட்டினாள். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் தென்னை ஓலை.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "கார்த்திகைக் கூட்டம் எங்க, காட்டு" என்றேன். அண்ணாந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"அது அங்கன எங்கயாவது கெடக்கும். எனக்குப் புள்ளி புள்ளியால்லாம் தெரியாது. மேகம் மாதிரி இருக்கும்."

"எப்பவுமேவா?"

"எல்லாருக்கும் அப்பிடித்தானே? பாட்டுல மின்னுதுன்னு சொல்லுதாவ. பாட்டுல என்னதான் சொல்ல மாட்டாவ."

"நிலா?" என்றான் செல்லையா.

"நிலா பெருசு. நாலஞ்சு நிலா ஒட்டிக் கெடக்காப்ல."

செல்லையா வீட்டுக்குள் போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தான். விளக்கடியில் ஒரு முழத்துக்கு அப்பால் எஸ்தரால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் பொடி எழுத்தைக்கூடப் படிக்கிறாள்.

நட்சத்திரம் எப்போது திரும்ப வெளிச்சமானது என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 16, செவ்வாய்

தூக்கம் இல்லை. ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ரோட்டில் எதிரே வருபவர்களுக்குத் தோத்திரம் சொல்லாதது. நான் தெருமுனையில் கை காட்டினால் வாசலில் நின்றபடி சும்மா பார்த்திருப்பது. சின்னப் பாம்பைக் கயிறு என்று எடுக்கப் போனது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். நான் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"நான் வாறது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நடைய வச்சு. ஒங்க நடைக்கு ஒரு சாய்வு உண்டு."

ஜனவரி 22, திங்கள், மதுரை

எஸ்தரையும் கூட்டி வந்தேன். காலையில் எனக்கு. அட்டையில் கறுப்புப் புள்ளிகள், இருபதடிக்கு அப்பால். எண்ணிச் சொன்னேன். மேஜையில் கம்பளி நூல் சிட்டங்கள் ஒரு குவியல், பச்சைக்குப் பச்சை எடு, சிவப்புக்குச் சிவப்பு. எடுத்தேன். வெள்ளைக்கார டாக்டர் என் மனுவைத் தூக்கிக் காட்டி, பிறகு இது ஏன் என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். பிறகு, அடுத்து மாலை நேரத்தில் எப்போது மங்கும் என்று கேட்டார். செல்லையாவின் கணக்குப்படி பிப்ரவரி ஏழு, புதன், மாலை ஏழரை என்றேன். மை ஒற்றும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். தேறினேன்.

மதியம் மிஷன் ஆஸ்பத்திரியில் எஸ்தருக்கு. இரும்புச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒன்றைப் போட்டதும் ஜன்னல் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன?" என்றேன்.

"அந்தக் கோபுரத்துல ஏன் இம்புட்டு ஆளுக ஏறி நிக்காவ?"

"ஆளு இல்ல. பொம்மை."

"பொம்மையா." பிறகும் பார்த்தாள். டாக்டரம்மா சட்டத்தைக் கழற்றியபோது, கையில் இருந்ததைப் பறிகொடுத்த குழந்தை மாதிரி முகம். கண்ணாடி சென்னையில் செய்து தபாலில் வரும். இரண்டு வாரம்.

ஜனவரி 27, சனி

உத்தரவு வந்தது. இரவு வண்டிக்கு மீண்டும். இருதயம் அண்ணாச்சி மணியாச்சியில் இஞ்சினிலிருந்து இறங்கி வந்து, "வே, எங்கவே அந்தப் பேய்த்தலை? நானும் பாத்துருதேன்" என்றார். காட்டினேன். தெரிகிறது என்றார். தெரிந்ததா என்பது சந்தேகம்.

பிப்ரவரி 7, புதன்

தூத்துக்குடி ஓய்வறையில் எழுதுவது.

காலையில் வீடு போய்ச் சேர்ந்தேன். கண்ணாடி நேற்றே வந்திருக்கிறது. வாசலில் போட்டுக்கொண்டு நின்றாள். தெரு முனையிலேயே கை காட்டினாள். கிட்ட வந்ததும் என் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு இம்புட்டு அம்மைத் தழும்பா?"

"சின்ன வயசுலயே உண்டு."

"முந்தியே கண்ணாடி இருந்திருந்தா கல்யாணத்துக்குக் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்றாள். சிரித்தாள். தடவிப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டில், கார்டு வீட்டம்மா துரைசானி ஆகிவிட்டாள் என்று பேச்சாம். பேசினவள் யார் என்பதையும் தூரத்திலிருந்தே கண்டுகொண்டாளாம்.

"ராத்திரி வானத்தப் பாத்தியா?"

"இல்ல. நீங்க வரட்டும்னு வீட்டுக்குள்ளயே இருந்தேன்."

மாலை ஏழு மணிக்குக் கிணற்றடிக்குப் போனோம். அவள் குனிந்தபடியே நடந்து வந்து, பிறகு நிமிர்ந்தாள். கழுத்தைப் பைய ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்பினாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், போட்டுப் பார்த்தாள்.

"இதெல்லாம் எப்பவும் இங்கனயேதான் இருந்துச்சா?" என்றாள்.

அவள் விரலைப் பிடித்து இரண்டாம் நம்பரைக் காட்டினேன். சொன்னபடி மங்கியிருந்தது. கண்டுபிடித்துவிட்டாள். ஒன்று, மூன்று, நான்கு, ஐந்தையும் அவளே சொன்னாள். ஐந்துக்குப் பக்கத்தில் ஆறாவதாக இன்னொன்று இருக்கிறது என்றாள். எனக்குத் தெரியவில்லை.

"மறைக்குதது எங்க இருக்கு?"

"அதுக்கு முன்னாலதான். தெரியாது."

"கண்ணாடி போட்டாலுமா?"

"யாரு போட்டாலும் தெரியாது."

கொஞ்சம் யோசித்தாள். "சரி. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும்."

ஒன்பது மணி வண்டி எனக்கு. எட்டேகால் ஆயிற்று என்று சொன்னேன். அவள் அண்ணாந்த தலையை இறக்கவில்லை.

"சோறு அடுப்படியில இருக்கு. இன்னைக்கு நீங்களே கட்டிக்கிடுங்க."

நானே கட்டிக்கொண்டேன்.